சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை!

வாரத்தில் ஐந்து நாள், காலை 6 மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து ஊர் எழுந்துவிட்டதா என்று விசாரிப்பது என் வேலை. சாலை நெரிசல் பற்றிச் சொல்ல நேயர்கள் அழைப்பார்கள். அவர்களில் சிலர் நடுவழியில் கார் நின்று தவிப்பவர்கள். "பத்திரமா ஓரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் எதுவும் தெரியாது.

சென்ற ஆண்டு அந்த நிலைமை எனக்கே வந்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. மூன்றாவது தடவை பக்கத்து இருக்கையில் அப்பா இருந்தார்.

முதல் தடவை, கூட்டரசு நெடுஞ்சாலையில். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியில், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது எஞ்சின் சட்டென்று அடங்கியது. சாவியைத் திருகினேன். 'கிர்ர் கிர்ர்' என்று சுற்றியது, பிடிக்கவில்லை. பேட்டரி கடைக்குப் போன் செய்தேன். "காடி ஸ்டார்ட் ஆகலையா?" என்றார். "ஆமாம்" என்றேன். 40 நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார், புதிய பேட்டரியை மாட்டினார், சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே உயிர் வந்துவிட்டது! 290 ரிங்கிட். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போனேன்.

இரண்டாவது தடவை, மூன்று வாரம் கழித்து, கிள்ளான் லிட்டில் இந்தியாவில். சனிக்கிழமை பிற்பகல், தெங்கு கிளானா சாலை முழுக்க வாகனங்கள். அதே மாதிரி சட்டென்று நின்றது. கடைக்காரப் பையன்கள் ஓடி வந்து ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆள் வர அரை மணி நேரம் ஆனது. அவர் சாவியைத் திருகியதும் ஸ்டார்ட் ஆனது. "பேட்டரி புதுசு. அப்படின்னா ஆல்டர்னேட்டர்தான் வீக்" என்றார். பழையதைப் புதுப்பித்த ஆல்டர்னேட்டர், கூலியுடன் 450 ரிங்கிட். அதையும் கொடுத்தேன்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் ஒளிந்திருந்த உண்மை ஒன்றுதான். அது எனக்குப் புரிய இன்னும் ஒரு மாதமும், ஒரு பெரிய பயமும் தேவைப்பட்டன.

110 கிலோமீட்டர் வேகத்தில்

அப்பாவுக்கு வயது 67. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இருதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். கோலாலம்பூரில் மதியம் 12.30 மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஈப்போவிலிருந்து காலை 9 மணிக்குக் கிளம்பினோம். தாப்பாவைத் தாண்டி, பீடோர் வருவதற்கு முன், வலது தடத்தில் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தேன். எஞ்சின் செத்துவிட்டது.

வேகமாக ஓடும் காரில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டீரிங் திடீரென்று கனமாகிவிட்டது. பிரேக் மிதிக்கு உதவும் வெற்றிட விசை எஞ்சினிலிருந்துதான் வருகிறது. எஞ்சின் நின்ற பிறகு, சேமிப்பில் இருக்கும் விசை ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். அதன் பிறகு மிதி கல் போல ஆகிவிடும். அப்போதும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழுப் பலத்துடன் அழுத்த வேண்டும்.

என் கை கால் நடுங்கியது. அப்பா பழைய லாரி ஓட்டுநர். குரல் உயராமல் சொன்னார்: "நாலு சிக்னலையும் போடு. சாவிய எடுத்துறாத, ஸ்டீரிங் பூட்டிக்கும். பிரேக்க விட்டு விட்டு அமுக்காதம்மா. ஒரே அமுக்கா அமுக்கு."

லாரி பின்னால் ஒதுங்கி வழி கொடுத்தது. உருண்டுகொண்டே இடது பக்க அவசரத் தடத்தில் போய் நின்றோம்.

காருக்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று அப்பாவுக்குத் தெரியும். அவசரத் தடத்தில் நிற்கும் வாகனத்தைப் பின்னால் வருபவர் ஓடும் வாகனம் என்று நினைத்து மோதிவிடலாம். இடது பக்கக் கதவு வழியாக இறங்கினோம். இரும்புத் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்க வேண்டும். இருதய நோயாளியான அப்பா, என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காலைத் தூக்கி அந்தத் தடுப்பைத் தாண்டியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. 740 ரிங்கிட் செலவு செய்து 'சரியாக்கிய' காரில்தானே அவரை ஏற்றி வந்தேன்?

நெடுஞ்சாலை நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு அழைத்தேன். ரோந்து வண்டி வருவதற்குள், கூப்பிடாமலே ஓர் இழுவை லாரி வந்து நின்றது. "கோலாலம்பூர் வரைக்கும் 600 வெள்ளி" என்று கொக்கியைக் கையில் எடுத்தார். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ரோந்துப் பணியாளர்கள் வந்து கூம்புகளை அடுக்கிப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். என் காப்புறுதியிலேயே இழுவைச் சேவை அடங்கியிருந்தது. அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! அந்த லாரியில் கார் ஏறி, பீடோரில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மருத்துவச் சந்திப்பு போய்விட்டது. அடுத்த தேதி ஏழு வாரம் கழித்துத்தான் கிடைத்தது.

பட்டறை அண்ணன் கேட்ட மூன்று கேள்விகள்

பட்டறைக்கார அண்ணன் சாவியைத் திருகினார். கார் முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆனது. எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. அவரோ சிரித்தார். "இதுதான் சேதி தங்கச்சி" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டார்.

"மூச்சுத் திணறித் திணறி செத்துச்சா, சுவிட்ச அணைச்ச மாதிரி செத்துச்சா?"

"சாவிய திருகினப்ப சுத்துச்சா, சுத்தலையா?"

"எவ்வளவு நேரம் ஓடின பிறகு செத்துச்சு? எவ்வளவு நேரம் கழிச்சு உயிர் வந்துச்சு?"

ஒலியை நம்பிப் பிழைப்பவள் நான். ஒரு பாடல் அரை விநாடி தப்பினாலும் என் காது கண்டுபிடித்துவிடும். ஆனால் என் கார் எழுப்பிய சத்தத்தைச் சொல்லச் சொன்னபோது, எனக்குத் திணறியது. அப்பாதான் பதில் சொன்னார்: "சுவிட்ச அணைச்ச மாதிரிதான் நின்னுச்சு. நல்லா சுத்துது, ஆனா பிடிக்கல."

மூன்றாவது கேள்விக்கு யோசித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. மூன்று தடவையும் கார் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடி, நன்றாகச் சூடான பிறகே நின்றது. மூன்று தடவையும் அரை மணி நேரத்துக்கு மேல் சும்மா நின்று, ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனது. பேட்டரிக்காரர் வர 40 நிமிடம், கிள்ளான் பட்டறைக்காரர் வர அரை மணி நேரம். காரைக் குணப்படுத்தியது பேட்டரியும் அல்ல, ஆல்டர்னேட்டரும் அல்ல. நாங்கள் காத்திருந்த நேரம்தான்!

"ஓடுற எஞ்சின பேட்டரி வீக் சாகடிக்காதும்மா. ஓடும்போது கரண்ட் கொடுக்கிறது ஆல்டர்னேட்டர்" என்றார் அண்ணன். ஆல்டர்னேட்டர் கெட்டால் கார் சட்டென்று நிற்பதில்லை. முதலில் டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரியும், முகப்பு விளக்கு மங்கும், வானொலி அடங்கும். கடைசியில்தான் எஞ்சின் நிற்கும். அப்படி நின்ற பிறகு 'கிர்ர் கிர்ர்' என்று சுற்றக்கூட பேட்டரியில் சக்தி மிஞ்சாது. என் கார் நன்றாகச் சுற்றியதே, இரண்டையும் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நீக்கப் போதுமான சாட்சி.

ஹேர் டிரையர் சொன்ன தீர்ப்பு

அண்ணன் உடனே எதையும் கழற்றவில்லை. பானெட்டை மூடி, ஏர்கோனைப் போட்டு, காரை அப்படியே ஓடவிட்டார். நாங்கள் தே ஓ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். 50 நிமிடத்தில் கார் மறுபடியும் செத்தது. "வந்துருச்சு" என்று எழுந்தார். நோய் இருக்கும்போதே பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்பது அவர் கணக்கு.

சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருகி, பின் இருக்கைப் பக்கம் காதை வைக்கச் சொன்னார். இரண்டு விநாடிக்கு 'ஊங்ங்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது. அடுத்து ஸ்பார்க் பிளக்கைச் சோதித்தார். தீப்பொறி இல்லை. பிறகு என்னைச் சாவியைத் திருகச் சொல்லி, ஆர்பிஎம் முள்ளைக் காட்டினார். எஞ்சின் சுற்றும்போது அந்த முள் சற்றாவது அசைய வேண்டும். அது பூஜ்யத்திலேயே படுத்திருந்தது.

ஸ்கேனரை டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் துளையில் செருகினார். 'பி 0335' என்ற குறியீடு வந்தது. கிராங்க் ஷாஃப்ட் சென்சரின் மின்சுற்றில் கோளாறு என்று அதற்கு அர்த்தம்.

எஞ்சினுக்குள் சுழலும் தண்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கணினிக்குச் சொல்வது இந்தச் சென்சர்தான். விரல் நீளம்தான் இருக்கும். என் காரில் இருந்தது, உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் கொண்ட வகை. பழசாகிப் போன சுருள், சூட்டில் விரியும்போது எங்கோ ஓரிடத்தில் தொடர்பு அறுந்துவிடும். ஆறினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். தகவல் வராவிட்டால், எப்போது தீப்பொறி கொடுப்பது என்று கணினிக்குத் தெரியாது. அதனால் எஞ்சினை நிறுத்திவிடும்.

குறியீடு வந்ததை மட்டும் நம்பி அவர் புதிய சென்சரை மாட்டிவிடவில்லை. அந்தக் குறியீடு, ஒயர் அறுந்திருந்தாலும் வரும். சென்சரைக் கழற்றி ஆறவிட்டு, மீட்டரில் அளந்தார். எண் காட்டியது. பக்கத்து முடிதிருத்தும் கடையிலிருந்து ஹேர் டிரையர் வாங்கி வந்து சென்சரின் மேல் சூடான காற்றை அடித்தார். சில நிமிடத்தில் மீட்டரில் எண் மறைந்து, சுற்று அறுந்ததைக் காட்டும் 'ஓ.எல்.' என்ற எழுத்துகள் வந்தன. ஊதுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் எண் திரும்பி வந்தது. அவ்வளவுதான் வழக்கு!

சென்சர் 130 ரிங்கிட், கூலி 50. ஆக 180.

"முதல் தடவையே ஸ்கேன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்கலாம். ஆனா பேட்டரிய கழட்டினா பல காடிங்கள்ல அந்த நினைவு அழிஞ்சு போயிரும்" என்றார். ஆல்டர்னேட்டரை மாற்றும்போதும் பேட்டரி இணைப்பைக் கழற்றத்தான் வேண்டும். நான் பணம் கொடுத்து இரண்டு தடவை தடயத்தை அழித்திருக்கிறேன்.

பேட்டரிக்காரர் மீதும் கிள்ளான் பட்டறைக்காரர் மீதும் முழுப் பழியைப் போட எனக்கு மனமில்லை. அவர்கள் வந்தபோது நோய் மறைந்துவிட்டிருந்தது. கார் எப்படி நின்றது என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உங்கள் கார் என்ன சொல்கிறது?

பீடோர் அண்ணனிடமும், பிறகு எனக்குத் தெரிந்த இரண்டு பட்டறைக்காரர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன். நீங்களே பழுது பார்க்க அல்ல. பட்டறையில் சரியான வார்த்தையைச் சொல்ல.

சத்தமே இல்லை, டாஷ்போர்டு விளக்கும் இல்லை: பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கலாம், அல்லது பேட்டரி முனையில் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பானெட்டைத் திறந்து முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடிக்கிறது, விளக்குகள் மங்குகின்றன: பேட்டரியில் போதிய சக்தி இல்லை. ஜம்பர் கேபிள் போட்டால் பெரும்பாலும் பிடித்துவிடும். நிறுத்தி வைத்த காரில் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம்.

ஒரே ஒரு 'டக்', விளக்குகள் பிரகாசமாகவே இருக்கின்றன: ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது அதற்குப் போகும் கேபிள்.

வழக்கம் போல 'கிர்ர் கிர்ர்' என்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை: பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நலம். பெட்ரோல் வரவில்லை, தீப்பொறி வரவில்லை, அல்லது கணினி அனுமதிக்கவில்லை. டாஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால், வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். நிற்பதற்கு முன் கார் இழுவை குறைந்து திணறியிருந்தால், பெட்ரோல் பக்கம் சந்தேகம் போக வேண்டும். சுவிட்சை அணைத்தது போல நின்றிருந்தால், மின்சாரம் அல்லது சென்சர் பக்கம் முதலில் தேடச் சொல்லுங்கள்.

வழக்கத்தைவிட வேகமாக, லேசாக 'விர்ர்' என்று சுற்றுகிறது: டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். உடனே நிறுத்துங்கள். பல எஞ்சின்களில், மேலும் மேலும் திருகினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். சில நூறு ரிங்கிட் வேலை சில ஆயிரத்துக்குப் போகும்.

வெப்ப முள் சிவப்பில் இருக்கிறது, அல்லது வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிகிறது: ஸ்டார்ட் செய்யவே முயலாதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிக்கும் நீர் முகத்தில் பீறிடும்.

கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்

சாலை ஓரத்தில் பத்திரமான இடத்தில் கார் நின்றிருந்தால், என் தொழிலிலிருந்து ஒரு யோசனை சொல்கிறேன். கைப்பேசியின் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் ஒரு தடவை சாவியைத் திருகுங்கள். அந்தப் பதிவை உங்கள் மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே இந்த நான்கு தகவல்களையும் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் ஓடிய பிறகு நின்றது, திணறி நின்றதா சட்டென்று நின்றதா, அந்த நேரத்தில் எரிந்த விளக்குகள் எவை, எவ்வளவு நேரம் கழித்து மறுபடியும் பிடித்தது. டாஷ்போர்டையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

ஆள் வந்ததும் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டால், சந்தோஷப்பட்டுப் பணத்தை எடுக்காதீர்கள். "எதை மாற்றப் போகிறீர்கள்?" என்பதற்கு முன் "அதுதான் காரணம் என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் பதிவும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். அவசர விளக்குகளைப் போட்டு, இடது பக்கமாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்ற பிறகுதான் போனை எடுக்க வேண்டும். பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. உங்கள் காப்புறுதியில் இழுவைச் சேவை இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, அந்த எண்ணைக் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். கூப்பிடாமல் வரும் இழுவை லாரியில் காரை ஏற்றவிடாதீர்கள்.

ஏழு வாரம் கழித்து அப்பாவை மறுபடியும் கோலாலம்பூருக்கு அழைத்துப் போனேன். அதே கார், அதே சாலை. பரிசோதனை முடிவு நல்லபடியாகவே இருந்தது.

போகும் வழியில், தாப்பாவைத் தாண்டும்போது வானொலியில் எங்கள் நிகழ்ச்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. என் இடத்தில் நண்பர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அப்பா கையை நீட்டி ஒலியைக் குறைத்தார்.

"கொஞ்ச நேரம் காடிய கேட்போம்மா" என்றார்.